தாத்தாவின் .315 ரைபிள்: ராணுவத் துப்பாக்கியை மாற்றியதா, இனி மாற்றலாமா?

கேட்டிருப்பது இது: "தாத்தா வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். அவர் லைசென்ஸோடு வைத்திருந்த .315 ரைபிள் இப்போது சென்னை கொளத்தூரில் அப்பாவிடம் இருக்கிறது. பார்க்க அச்சு அசல் போலீஸ்காரர்களின் .303 மாதிரியே இருக்கிறது. இது ராணுவத் துப்பாக்கியை வேட்டைக்காக மாற்றியதா? வெளிநாட்டு வீடியோக்களில் பழைய ராணுவ ரைபிளை வாங்கி, கட்டையை மாற்றி, ஸ்கோப் போட்டுப் புதுசாக்குகிறார்கள். இதையும் அப்படிச் செய்யலாமா?"

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். செய்யாதீர்கள். அதற்குச் சட்டக் காரணமும் உண்டு, துப்பாக்கியைச் சார்ந்த காரணமும் உண்டு. இரண்டையும் கீழே சொல்கிறேன். முதல் கேள்விக்குத்தான் பதில் நீளம். உங்கள் தாத்தாவின் ரைபிள் .303 ஜாடையில் இருப்பது தற்செயல் இல்லை.

1857 கலகத்தில் சூடுபட்ட பிரிட்டிஷ்காரர்கள், இந்தியர் கையில் எந்தத் துப்பாக்கி இருக்கலாம் என்பதில் அதன் பிறகு மிகவும் உஷாராக இருந்தார்கள். 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. அப்புறம் 1907 வாக்கில் இன்னொரு தடை: ராணுவம் பயன்படுத்தும் அளவுத் தோட்டாக்களைச் சுடும் ரைபிள் தனியாரிடம் இருக்கக் கூடாது. வடமேற்கு எல்லையில் பழங்குடிகள் ராணுவ ரைபிள்களைத் திருடிக்கொண்டிருந்த காலம் அது. திருடிய ரைபிளுக்குத் தோட்டா வேண்டும். ஊர் ஊராக வேட்டைக்காரர்களின் அலமாரியில் அதே தோட்டா இருந்தால், அது எல்லைக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்? இதுதான் அவர்களுடைய பயம். .303 மட்டுமல்ல, பழைய ராணுவ ரைபிளான மார்ட்டினி-ஹென்றியின் குண்டு அளவான .450-ம் இந்தியாவிலும் சூடானிலும் தடைக்குள் வந்தது. யானை, காட்டெருமை வேட்டைக்கு .450 செய்து விற்ற லண்டன் கம்பெனிகள் அவசர அவசரமாக .465, .470 என்று புது அளவுகளைக் கொண்டுவந்தது இதனால்தான். அந்த .470 இன்றும் ஆப்பிரிக்காவில் பெரிய மிருக வேட்டைக்கு முதல் வரிசைத் தோட்டா. இந்தியாவுக்காகப் போட்ட ஒரு தடையின் பிள்ளை அது.

சரி, .303 கூடாது என்றால், அந்த அளவைச் சுடும் ராணுவ ரைபிளான லீ-என்ஃபீல்டைச் செய்துகொண்டிருந்த பர்மிங்ஹாம் பி.எஸ்.ஏ. போன்ற கம்பெனிகள் இந்தியச் சந்தைக்கு எதை விற்பது? அவர்கள் பிடித்தது ஆஸ்திரியா-ஹங்கேரி ராணுவத்தின் 8 மில்லிமீட்டர் மான்லிகர் தோட்டாவை. 1890-களின் சரக்கு. அதன் அடிவிளிம்பு .303-ன் விளிம்புக்குக் கிட்டத்தட்ட அதே அகலம் என்பதால் லீ-என்ஃபீல்டு உடம்பில் (போல்ட் ஓடும் இரும்புக் கூட்டில்) பெரிய மாற்றம் இல்லாமல் உட்கார்ந்துவிடும். இந்தியாவில் எந்தப் படையும் அதைச் சுடவில்லை. ஆகவே ரைபிள் திருடு போனாலும் ராணுவத் தோட்டா அதற்கு உதவாது. தோட்டா திருடு போனாலும் ராணுவ ரைபிளில் வேலைக்கு ஆகாது. 8 மில்லிமீட்டரை அங்குலத்தில் எழுதினால் .315. உங்கள் லைசென்ஸில் இருக்கும் எண் அங்கிருந்து வந்ததுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு கல்கத்தா பக்கத்து இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை அதே வார்ப்பைத் தொடர்ந்தது. வெள்ளைக்காரன் போட்ட பிரிவை நாமும் அப்படியே வைத்துக்கொண்டோம். 1959 ஆயுதச் சட்டத்தில் .303 தடை செய்யப்பட்ட போர் (bore, அதாவது குழல் துளையின் அளவு), .315 தடை இல்லாத போர். ஆஸ்திரியா-ஹங்கேரி என்ற நாடே 1918-ல் காணாமல் போயிற்று. அதன் ராணுவத் தோட்டாவோ உத்தரப் பிரதேசம், பீகார் பக்கம் இன்றைக்கும் தோளில் தொங்கும் சாதாரண லைசென்ஸ் ரைபிளின் தோட்டா. அங்கே கள்ளத்தனமாகச் செய்யும் கட்டாத் துப்பாக்கிகள்கூட .315-க்கே செய்யப்படுவதற்குக் காரணம், தோட்டா கிடைப்பது அதற்குத்தான்.

ஆக, உங்களிடம் இருப்பது பெரும்பாலும் மாற்றிய துப்பாக்கி இல்லை. ராணுவ உடம்போடு, வேட்டைக்கென்றே பிறந்தது. உறுதி செய்ய வேண்டுமென்றால் துப்பாக்கியே சொல்லும். மேகசினைக் கழற்றி, போல்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டை) பின்னால் இழுத்து, சேம்பரில் (தோட்டா உட்காரும் அறையில்) ஒன்றும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, வெளிச்சத்தில் வையுங்கள். போல்டின் கைப்பிடிக்குக் கீழே, பின்கட்டை வந்து நுழையும் இடத்தில் ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதன் வலது பக்கத்தைப் பாருங்கள். ராணுவத்துக்காகச் செய்ததென்றால் மேலே கிரீடம், இஷாப்பூரில் செய்ததாக இருந்தால் ஜார்ஜ் மன்னரின் ஜி.ஆர்.ஐ. எழுத்துகள், செய்த இடம், வருஷம், அதற்குக் கீழே மாடலின் பெயர் என்று அடுக்கி வெட்டியிருப்பார்கள். அம்புக்குறியோடு ஐ எழுத்து இருந்தால் இந்திய ராணுவச் சொத்து. இரண்டு அம்புகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றால், ராணுவம் அதைக் கழித்து வெளியே விற்றுவிட்டது என்று அர்த்தம். இவை எதுவும் இல்லாமல் கம்பெனி பெயரும் சோதனைக்கூட முத்திரையும் மட்டும் இருந்தால் அது பிறவி வேட்டை ரைபிள். சில பழைய துப்பாக்கிகளில் விற்ற கடையின் பெயரும் பேரல் மேல் இருக்கும். அண்ணா சாலையில் மணிக்கூண்டோடு நிற்கிறதே பி. ஆர் அண்ட் சன்ஸ், கடிகாரக் கடை என்றுதான் நமக்குத் தெரியும். அவர்கள் ஒரு காலத்தில் துப்பாக்கியும் விற்றவர்கள். மெட்ராஸ், ரங்கூன் என்று ஊர்ப் பெயரோடு அவர்கள் பெயர் வெட்டிய துப்பாக்கிகள் இன்றும் வெளிநாட்டு ஏலங்களில் தலைகாட்டுகின்றன.

மாற்றியதென்றால் தழும்பு இருக்கும். லீ-என்ஃபீல்டின் பின்குறி (குறி பார்க்கும் பின்பக்க இரும்பு), பேரலின் மேல் ஒரு குறுக்காணியால் பூட்டப்பட்டது. குறியைக் கழற்றி எறிந்தாலும் அந்த ஆணி ஓடிய பள்ளம் பேரலில் நிற்கும். முன்கட்டையின் பக்கத்தில் எதற்கென்று தெரியாத ஓட்டை ஒன்றை மரத்துண்டால் அடைத்திருந்தால், அதுவும் பழைய பாகம் ஏதோ உட்கார்ந்த இடம்.

பார்த்ததில் .303 என்றோ 7.62 (மில்லிமீட்டரில் சொல்லும் இன்னொரு ராணுவ அளவு) என்றோ தெரிந்தால் கதை வேறு. அது தடை செய்யப்பட்ட போர். லைசென்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு நேராக ஒரு வக்கீலிடம் போங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நம் நாட்டில் ராணுவ ரைபிள் மாற்றமே நடக்கவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. நடந்தது, ஆனால் அரசாங்கமே செய்தது, வேட்டைக்காக இல்லை. இஷாப்பூரில் பழைய .303 ரைபிள்களின் பேரலை உள்ளே வரிகள் இல்லாத .410 வழுவழுப்புக் குழலாக்கி, மேகசின் இருந்த இடத்தில் மரக்கட்டையை அடைத்து, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா என்று ஆக்கிக் காவலாளிகளுக்கும் போலீசுக்கும் கொடுத்தார்கள். .410 மஸ்கெட் என்று போலீஸ்காரர்கள் சொல்வது இதைத்தான். தோட்டாக்கூடுகூட .303 கூட்டைக் கழுத்து ஒடுக்காமல் நேராக விட்டதுதான். திருடு போனால் திருடனுக்குப் பெரிய லாபம் இருக்கக் கூடாது என்ற அதே பழைய கணக்கு. இன்னொன்று உங்களில் பலர் கையில் பிடித்திருப்பீர்கள். என்.சி.சி.யில் படுத்துக்கொண்டு சுட்ட .22 ரைபிள் அவ்வளவு கனமாக ஏன் இருந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? கிட்டத்தட்ட நாலு கிலோ, ஆனால் சுடுவது சுண்டுவிரல் நுனி அளவுத் தோட்டா. ராணுவ ரைபிளின் உடம்பில் .22 பேரலைப் பொருத்திய வகை அது. எடையும் பிடியும் பெரிய ரைபிளுக்குப் பழக வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இங்கே ஒரு தப்பான நம்பிக்கையையும் திருத்திவிடுகிறேன். 1962 சீனப் போருக்குப் பிறகு இஷாப்பூரில் வந்த 7.62 ரைபிளான 2ஏ, 2ஏ1 வகைகளைப் பலரும் பழைய .303-ஐத் துளை மாற்றியது என்கிறார்கள். இல்லை. வடிவம் பழசு, உடம்பு இன்னும் உறுதியான எஃகில் புதிதாகச் செய்தது. 2ஏ1-ல் பின்குறியின் அளவை 2000-லிருந்து 800 மீட்டருக்குக் குறைத்தார்கள். நியாயமான வேலை. 2000 மீட்டரில் இரும்புக் குறியை வைத்துக்கொண்டு யார் எதை அடிப்பது? .303-ம் லேசில் ஓய்ந்துவிடவில்லை. உத்தரப் பிரதேசப் போலீஸ் அதற்கு விடை கொடுத்ததே 2020 குடியரசு தினத்தில்தான். இவற்றை நேரில் பார்க்க ஆசை இருந்தால் எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலகக் கட்டடத்தில் 2021-ல் திறந்த காவல் அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள்.

இனி நீங்கள் பார்த்த வீடியோக்களின் விஷயம். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

ஒவ்வொரு உலகப் போரும் முடிந்தபோது லட்சக்கணக்கில் ரைபிள்கள் மிஞ்சின. அமெரிக்காவில் 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு வந்த சூட்டோடு அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தனக்கென்று ஒன்றை வேட்டைக் கட்டையோடு செய்யச் சொல்லி வாங்கினார். 1909 ஆப்பிரிக்கப் பயணத்துக்கு அதை எடுத்துப் போனார். அதைப் பார்த்து வசதியானவர்கள் வரிசையில் நின்றார்கள். 1923-ல் நியூயார்க்கில் தொடங்கிய கிரிஃபின் அண்ட் ஹோவ் அந்த வேலைக்கே பேர் போன கடை. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பார்க்கர்-ஹேல் லீ-என்ஃபீல்டுகளை வாங்கி வேட்டை ரைபிளாக்கி விற்றது.

ஏழைகளின் சந்தை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு திறந்தது. சாமுவேல் கம்மிங்ஸ் என்பவர் 1953-ல் தொடங்கிய இன்டர்ஆர்ம்கோ, உலகம் முழுக்க ராணுவங்கள் கழித்துப்போட்டதை மொத்தமாக அள்ளி அமெரிக்காவில் இறக்கியது. தபாலில் பணம் அனுப்பினால் ரைபிள் வீட்டுக்கு வரும். கென்னடியைச் சுட்ட ஆஸ்வால்டு 1963-ல் சிகாகோ கடை ஒன்றிலிருந்து வரவழைத்தது அப்படி ஒரு இத்தாலிய ராணுவக் கர்கானோ. ஸ்கோப்போடு சேர்த்து 19 டாலர் 95 சென்ட். அந்தக் கொலையும் அதன் பின் நடந்தவையும் சேர்ந்துதான் 1968-ல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டமாக வந்து தபால் வியாபாரத்தையும் ராணுவக் கழிவு இறக்குமதியையும் நிறுத்தின.

ஜெர்மனியிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்தது நம் .315 கதைக்கு உறவு. முதல் போருக்குப் பிறகு வெர்சாய் ஒப்பந்தத்தின் நெருக்கடியில், ஜெர்மன்காரர்கள் மௌசர் ரைபிளின் ராணுவ 8×57 (8 மில்லிமீட்டர் குண்டு, 57 மில்லிமீட்டர் கூடு) சேம்பரைக் கொஞ்சம் நீட்டி 8×60 என்று ஆக்கி வேட்டைக்கு வைத்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் ராணுவ அளவைத் தடுத்தது, உடனே .303 கூட்டின் கழுத்தை .25-க்கு ஒடுக்கி .303/25 என்று ஒன்றைக் கொண்டுவந்து கங்காரு சுட்டார்கள். அரசாங்கம் எங்கெல்லாம் ராணுவத் தோட்டா கூடாது என்றதோ அங்கெல்லாம் ஒரு புதுத் தோட்டா பிறந்திருக்கிறது.

மௌசரை வைத்து ஜெர்மன்காரர்கள் செய்த இன்னொரு வேலை ரொம்பத் துணிச்சல். கேஹா என்ற பெயரில் வந்தது. மௌசர் 98 ரைபிளை 12 போர் ஷாட்கன்னாக மாற்றினார்கள். மௌசரின் பலமே போல்டின் முன்னால் இருக்கும் இரண்டு பூட்டுக் காதுகள், சுடும்போது போல்டை அசையாமல் பிடிக்கும் புடைப்புகள். 12 போர் தோட்டா பருமன், உள்ளே போக இடமில்லை. என்ன செய்தார்கள்? அந்த இரண்டு காதுகளையும் வெட்டி எடுத்துவிட்டார்கள்! மிச்சப் பூட்டை நம்பிச் சுட்டார்கள். அன்றைய லேசான ஷாட்கன் தோட்டாவுக்குத் தாங்கியது. இன்றைய தோட்டாவை அதில் போடுவதற்கு எனக்குத் தைரியம் கிடையாது.

இந்த மாற்றத்தில் என்னதான் செய்வார்கள் என்றால், மேலோட்டமாகப் பார்த்தால் தச்சு வேலை. பேரல் நுனி வரை மூடியிருக்கும் ராணுவக் கட்டையைப் பாதியில் வெட்டுவது, மூக்கில் இருக்கும் கத்தி மாட்டும் இரும்பைக் கழற்றுவது, பேரலைக் கொஞ்சம் குறைப்பது, இரும்புக் குறியை எடுத்துவிட்டு ஸ்கோப். மௌசரில் ஸ்கோப் வைத்தால் நேராக மேலே எழும்பும் போல்டின் கைப்பிடி அதில் இடிக்கும். அதைச் சூடாக்கி வளைக்க வேண்டும். பாதுகாப்பு விசையும் இடிக்கும். அதையும் மாற்ற வேண்டும். இரண்டு கட்டமாக இழுக்கும் ராணுவ ட்ரிகரை எடுத்துவிட்டு ஒரே கட்டமாக ஒடியும் ட்ரிகர். கேட்க எளிது.

ஆனால் லீ-என்ஃபீல்டு இதற்கு ஒத்துவராத ஜாதி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மௌசரின் கட்டை ஒரே மரம். உடம்பு அதில் இறுகி உட்காரும். லீ-என்ஃபீல்டில் பின்கட்டை தனி, முன்கட்டை தனி. பேரல் ஒல்லி. அந்த ஒல்லிப் பேரல் சுடும்போது அதிரும்; அதிர்வை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வைத்திருப்பது முன்கட்டையும் மூக்கிரும்பும் அதற்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங் அழுத்தமும்தான். ராணுவத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரர் முன்கட்டையை உட்காரவைப்பதற்கு மணிக்கணக்கில் சீவிச் சீவிப் பார்ப்பது அதற்காக. நம் ஆள் ரம்பம் எடுத்து முன்கட்டையை வெட்டினால் அந்த ஏற்பாடு முழுவதும் போயிற்று. எடை குறைந்தது, அழகும் வந்தது என்பார். குண்டு எங்கே போகிறது என்று கேட்டால் முழிப்பார். இன்னொன்று, இதன் பூட்டுக் காதுகள் போல்டின் பின்பக்கம். அழுத்தம் வரும்போது உடம்பே கொஞ்சம் நெகிழும். கடும் சண்டையில் மணலோடும் சேற்றோடும் வேகமாகச் சுடுவதற்கு இந்த அமைப்பு அருமை. அதிக அழுத்தத் தோட்டாவுக்கு மாற்றுவதற்கு இது ஏற்ற உடம்பு இல்லை.

எஃகைப் பற்றி ஒரு கதை சொல்லாமல் விட முடியாது. முதல் போர்க் காலம் வரை அமெரிக்க ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் ரைபிள் உடம்பைக் காய்ச்சும்போது, சூடு எவ்வளவு என்பதை அனுபவசாலிகள் நிறத்தைக் கண்ணால் பார்த்தே சொன்னார்கள். மேகமூட்டமான நாளில் சரியாகத் தெரியும் சிவப்பு, வெயில் நாளில் மங்கலாகத் தெரியும். இன்னும் சூடு ஏற்றுவார்கள். 1917-ல் சில ரைபிள்கள் வெடித்த பிறகு சூடுமானி வைத்துப் பார்த்தால், பழகிய கண் சரி என்று சொன்ன நிறம் வெயிலில் 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை அதிகமாக இருந்திருக்கிறது. எஃகு எரிந்து, சுத்தியலால் தட்டினால் கண்ணாடி போலச் சிதறியது. அந்த ஆலையின் 800,000-க்குக் கீழ் வரிசை எண் கொண்டவற்றை இன்றும் விவரம் தெரிந்தவர்கள் சுடமாட்டார்கள். ஆனால் அதற்குள் எத்தனையோ உடம்புகள் புதுக் கட்டை, புதுப் பாலிஷோடு வேட்டை ரைபிளாகிப் பலர் வீட்டுச் சுவரில் ஏறிவிட்டன. மேல்பூச்சு உள்ளே இருக்கும் எஃகைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இதனால்தான் யாரோ அழகாகச் செய்துவைத்த மாற்றத் துப்பாக்கியைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம் வரும், பிறகுதான் ரசனை.

விலையும் இப்போது தலைகீழாகிவிட்டது. 1950-களில் ராணுவ ரைபிள் குப்பை, மாற்றியது சொத்து. இன்று அமெரிக்காவில் முழு மரத்தோடு, எண்கள் ஒத்துப்போகும் ராணுவ லீ-என்ஃபீல்டுக்கு இருக்கும் மதிப்பு, வெட்டியதற்குக் கிடையாது. அன்றைக்கு வெட்டி எறிந்த முன்கட்டையைத் தேடிப்பிடித்து மறுபடி பொருத்தவே இன்று ஒரு கூட்டம் அலைகிறது. கிரிஃபின் அண்ட் ஹோவ் போன்றவர்கள் கைபட்ட நல்ல வேலைக்கு மட்டும் எப்போதும் மரியாதை உண்டு.

நம் சட்டத்துக்கு வருவோம். ஆயுதச் சட்டத்தின் 5-ம் பிரிவு: துப்பாக்கியை மாற்றுவது, பழுதுபார்ப்பது எல்லாம் தொழிலாகச் செய்ய லைசென்ஸ் உள்ளவர் வேலை. 6-ம் பிரிவு: லைசென்ஸ் இல்லாமல் பேரலைக் குறைக்கக் கூடாது, 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதும் அதிலேயே சேர்ந்துவிட்டது. வீட்டு மாடியில் டிரில் மெஷினும் ஹாக்ஸாவும் வைத்துச் செய்யும் வேலைக்கு இங்கே இடமில்லை. ஸ்கோப்புக்காக உடம்பில் நாலு ஓட்டை போடுவது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால், அதை லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவர் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கொடுக்கமாட்டார்.

யோசித்துப் பார்த்தால் எதற்காக மாற்ற வேண்டும்? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வேட்டைக்கு முடிவு கட்டிவிட்டன. உங்கள் தாத்தா காலத்து எஸ்டேட்காரர்கள் பெர்மிட் வாங்கிச் சுட்டார்கள். நீலகிரியில் 1879-லேயே வேட்டைக்கென்று தனிச் சட்டம் போட்டு, எந்த மாதத்தில் எதைச் சுடலாம் என்று முறை வைத்திருந்தார்கள். அந்த உலகம் போய்விட்டது. காட்டுப்பன்றித் தொல்லைக்குத் தமிழக அரசு 2025-ல் சுட அனுமதித்ததும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால், அதுவும் வனத்துறை ஆட்கள் மட்டும். குறி பார்த்துச் சுடுவதுதான் ஆசை என்றால் ரைபிள் கிளப்பில் சேர்ந்து ஏர் ரைபிளில் தொடங்குங்கள். .315-ஐ வைத்துக் குறிப் பயிற்சி செய்ய நினைத்தால் தோட்டா விலையே உங்களைத் திருத்திவிடும்.

உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்தியது "இப்போது அப்பாவிடம் இருக்கிறது" என்ற வரி. அப்பா பெயருக்கு லைசென்ஸ் மாறியிருக்கிறதா? 2016 ஆயுத விதிகளின் 25-ம் விதிப்படி, லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு வாரிசு விண்ணப்பிக்கலாம். இருக்கும்போதே, அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ வாரிசுக்குக் கொடுக்க வழி இருக்கிறது. இன்னும் மாறவில்லை என்றால் துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். 21-ம் பிரிவுப்படி ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டு, வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் விண்ணப்பத்தைப் போடுங்கள். அப்பாவிடம் வேறு துப்பாக்கிகள் இருந்தால் எண்ணிக்கையையும் பாருங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டுதான்.

அது முடிந்ததும் துப்பாக்கியைப் பராமரியுங்கள், அழகுபடுத்தாதீர்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுக் கறுப்பு ஏற்றுகிறேன் என்று யாரிடமும் கொடுக்க வேண்டாம். முத்திரைகளின் விளிம்பு மழுங்கினால் அதன் பிறப்புச் சான்றிதழே போய்விடும். பழைய தோட்டாக்களின் அடியில் பொறி கிளப்பும் தீக்குப்பியில் இருந்த ரசாயனம் சுட்ட பிறகு பேரலுக்குள் ஒரு வகை உப்பை விட்டுப்போகும். அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நம் கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம். எண்ணெய் உப்பைக் கரைக்காது. கொதிக்கும் தண்ணீர் கரைக்கும். பழைய ராணுவச் சிப்பாய்கள் புனல் வைத்துப் பேரலுக்குள் வெந்நீர் ஊற்றியதற்குக் காரணம் அதுதான். கழுவி, நன்றாகக் காயவைத்து, பிறகு துப்பாக்கி எண்ணெய். தோல் உறையிலோ ரெக்ஸின் உறையிலோ போட்டு அலமாரியில் மறந்துவிடாதீர்கள். உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். மரத்துக்குப் பச்சை ஆளிவிதை எண்ணெயைச் சில சொட்டு கையாலேயே தேய்த்தால் போதும். வார்னிஷ் வேண்டவே வேண்டாம். மரத்துக்கு அடியில் மறைந்திருக்கும் துருவைப் பார்க்க வருஷத்துக்கு ஒரு முறை லைசென்ஸ் உள்ள கடையில் கொடுத்துக் கழற்றிப் பாருங்கள். லீ-என்ஃபீல்டின் முன்கட்டையை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று தெரியாமல், முதலில் பின்கட்டையைத் திருகினால் முன்கட்டை பிளந்துவிடும்.

கடைசியாக ஒன்று. போல்டின் கைப்பிடியின் வேரில் ஒரு எண் இருக்கும், உடம்பிலும் ஒரு எண் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். லைசென்ஸ் புத்தகத்தில் இருப்பதும் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஒவ்வொரு போல்டும் அதனதன் உடம்புக்கென்று தேய்த்துப் பொருத்தியது. வேறு ரைபிளின் போல்டை மாட்டினால் தோட்டாவுக்குப் பின்னால் விடும் இடைவெளி மாறி, சுடும்போது கூடு பிளக்கலாம். தேர்தல் நேரத்தில் எல்லோருடைய துப்பாக்கியும் ஒரே இடத்தில் குவியும். திருப்பி வாங்கும்போது கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அங்கேயே நின்று இந்த எண்களைப் படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.